நன்றாகப் பிறந்த பிள்ளை வாடுவது ஏன்? பிறவி வளர்சிதை மாற்ற நோய்கள் குறித்து வாசகர்களின் கேள்விகளும் மருத்துவரின் பதில்களும்

குழந்தைகளின் பிறவி வளர்சிதை மாற்றக் குறைபாடுகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் ஆறுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். முதல் கடிதத்துக்கு மற்றவற்றைவிடக் கூடுதல் இடம் தந்திருக்கிறேன். அதை எழுதியவருக்கு நேரம் குறைவாக இருக்கிறது.

கேள்வி: என் முதல் குழந்தை மூன்று கிலோ எடையுடன் நன்றாகப் பிறந்தான். மூன்றாம் நாள் பால் குடிக்காமல் துவண்டான், மூச்சு வேகமாக வாங்கியது, வலிப்பு வந்தது, ஆறாம் நாள் போய்விட்டான். இரத்தத்தில் கிருமி என்றார்கள், ஆனால் பரிசோதனையில் எந்தக் கிருமியும் வளரவில்லை. நான் என் தாய்மாமனை மணந்தவள். நான் பப்பாளி தின்றதுதான் காரணம் என்று என் மாமியாராகிய அம்மாச்சி இன்றும் சொல்கிறார். இப்போது மீண்டும் இரண்டு மாதம். நான் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் உண்ட எதுவும் அந்தக் குழந்தையின் மரணத்துக்குக் காரணமில்லை. இதை அம்மாச்சிக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கடிதத்தை மட்டும் வைத்து நோயை உறுதிசெய்ய இயலாது. ஆனால் நீங்கள் விவரித்திருக்கும் வரிசை, அதாவது நன்றாகப் பிறந்து ஓரிரு நாள் நன்றாகவே பால் குடித்த குழந்தை திடீரென்று துவண்டு, கிருமித் தொற்று என்று கருதப்பட்டு, கிருமி எதுவும் அகப்படாமலே இறந்துபோவது, பிறவி வளர்சிதை மாற்ற நோயைக் கட்டாயம் சந்தேகிக்க வேண்டிய வரிசையாகும். நம் உடலில் புரதமும் கொழுப்பும் சர்க்கரையும் படிப்படியாக உடைந்து வேறு பொருள்களாகின்றன. ஒவ்வொரு படியையும் ஒரு நொதி (என்சைம்) நடத்துகிறது. வாய்க்காலில் ஒரு மடை அடைபட்டால் மேல்வயல் மூழ்கும், கடைமடை காயும். ஒரு நொதி இல்லாத உடலிலும் இதுவே நடக்கிறது: அடைப்புக்கு மேலே நஞ்சான பொருள் தேங்குகிறது, கீழே தேவையான பொருள் கிடைக்காமல் போகிறது. கருவில் இருக்கும்வரை அந்த நஞ்சைத் தாயின் உடல் நஞ்சுக்கொடி வழியாக வாங்கி வெளியேற்றிவிடுகிறது. ஆகவேதான் குழந்தை கொழுகொழுவென்று பிறக்கிறது. கொடியை அறுத்துப் பால் தொடங்கிய பிறகே நஞ்சு ஏறத் தொடங்குகிறது.

இத்தகைய குழந்தைக்கு உடனே பார்க்க வேண்டிய பரிசோதனைகள் அரிதானவையும் அல்ல: இரத்தச் சர்க்கரை, இரத்தத்தின் அமிலத்தன்மை, லாக்டேட், சிறுநீரில் கீட்டோன், எல்லாவற்றுக்கும் மேலாக அம்மோனியா. புரதத்திலிருந்து வரும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது. யூரியா சுழற்சி எனப்படும் அந்தத் தொடரில் ஒரு நொதி இல்லாவிட்டால் அம்மோனியா சில மணி நேரத்திலேயே மூளையை வீங்கச் செய்துவிடும். அம்மோனியாவுக்கான இரத்தத்தைப் பனிக்கட்டியில் வைத்து உடனடியாக ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்; தாமதித்தால் குழாயிலேயே அளவு ஏறிப் பொய்யான எண் வரும். இந்தத் தொல்லைக்காகவே பல இடங்களில் அதை எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம். அளவு உயர்ந்திருப்பது தெரிந்தால், புரதத்தை ஓரிரு நாள் நிறுத்தி, குளுக்கோஸ் டிரிப்ஸ் ஏற்றி, சோடியம் பென்சோயேட் கொடுத்து, தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்து குழந்தையைக் காப்பாற்ற வழியுண்டு. ஊறுகாய் கெடாமலிருக்கச் சேர்க்கும் அதே சோடியம் பென்சோயேட்தான் இது. கிளைசின் என்னும் அமினோ அமிலத்தோடு சேர்ந்து நைட்ரஜனைச் சிறுநீரில் வெளியேற்றுவதால், அடைபட்ட வாய்க்காலுக்கு ஒரு பக்கக் கால்வாய் போல இது உதவுகிறது.

தாய்மாமன் மணத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்நோய்களில் பெரும்பாலானவை, பழுதுபட்ட மரபணுவின் ஒரு பிரதியைத் தாயும் ஒரு பிரதியைத் தந்தையும் கொடுக்கும்போது மட்டுமே வருபவை. ஒரு பிரதி மட்டும் உள்ளவருக்கு எந்தக் குறையும் தெரியாது. நாம் எல்லோருமே இப்படிச் சில பழுதுகளைச் சுமக்கிறோம். தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் மரபணுக்களில் நான்கில் ஒரு பங்கு பொதுவானது. அத்தை மகன், மாமன் மகள் உறவில் எட்டில் ஒரு பங்கு. ஆகவே ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்குக் குறையாமல் உறவுக்குள் நடப்பதைத் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. அந்தத் தம்பதிகளில் பெரும்பாலோருக்கு நல்ல குழந்தைகளே பிறக்கின்றன என்பதும் உண்மை. ஒருமுறை இந்நோய் வந்த வீட்டில்தான் கணக்கு மாறுகிறது: பெற்றோர் இருவரும் பழுதைச் சுமப்பவர்கள் என்றால், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோய்க்கு உண்டு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றுக்கு வராது என்று இதற்குப் பொருளில்லை. யூரியா சுழற்சிக் குறைபாடுகளில் ஒன்று தாயின் வழியாக மட்டும் ஆண் குழந்தைகளைக் கடுமையாகத் தாக்குவதும் உண்டு. ஆகவே உறவில் மணம் செய்யாதவர்களும் தங்களுக்கு வராது என்று இருந்துவிடக் கூடாது.

இனிச் செய்ய வேண்டியவை. உங்களுக்கு இரண்டு மாதம் என்பதால், அடுத்த மாதம் அல்ல, இந்த வாரமே மரபியல் மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அரிய நோய்களுக்கான மத்திய அரசின் சிறப்பு மையங்களில் ஒன்று. இறந்த குழந்தையின் இரத்தத் துளி அட்டையோ மிச்ச மாதிரியோ பிறந்த மருத்துவமனையில் இருக்கிறதா என்று கேட்டு, கோப்பின் நகலோடு செல்லுங்கள். மாதிரி எதுவும் இல்லாவிட்டாலும், கணவன் மனைவி இருவரின் இரத்தத்திலும், மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகளை மொத்தமாகப் படிக்கும் எக்ஸோம் பரிசோதனை செய்து பொதுவான பழுது உண்டா என்று தேடலாம். முடிவு வர சில வாரங்கள் ஆகும். பழுது தெரிந்துவிட்டால் 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவிலோ, 16 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரிலோ கருவைச் சோதிக்கலாம். எதுவும் தெரியாமலே பிரசவம் நெருங்கினால், பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் அம்மோனியா பார்க்கும் வசதியும் உள்ள இடத்தில் பிரசவம் வைத்துக்கொண்டு, முதல் குழந்தையின் கதையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். முன்கதை தெரிந்த மருத்துவர் மூன்றாம் நாள் வரை காத்திருக்க மாட்டார்.

கேள்வி: சிறுநீரில் ஒருவித இனிப்பு வாசனை வரும் நோய் என்று எழுதியிருந்தீர்கள். என் பேத்தியின் துணியில் வெந்தய வாசனை வருகிறது. அவள் நன்றாகப் பால் குடிக்கிறாள், விழித்துப் பார்க்கிறாள், எடையும் கூடுகிறது. பயப்பட வேண்டுமா?
– ஒரு பாட்டி, கும்பகோணம்

பதில்: குழந்தை நன்றாகப் பால் குடித்து, விழித்துப் பார்த்து, எடை கூடி வருகிறாள் என்று நீங்களே எழுதியிருப்பதால் பயம் வேண்டாம். பெற்றவளுக்கு வெந்தயக் களி கொடுக்கிறீர்களா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

நான் குறிப்பிட்ட நோயை 1954-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மெங்கஸ் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் விவரித்தார்கள். அந்நாட்டினர் மேப்பிள் மரப்பாகை அறிந்தவர்கள் என்பதால் நோய்க்கே அந்தப் பாகின் பெயரை வைத்துவிட்டார்கள். நம் ஊரில் அந்தப் பாகு பலருக்குத் தெரியாது. ஆனால் அதன் மணத்துக்குக் காரணமான சோட்டோலோன் என்ற பொருள்தான் வெந்தயத்துக்கும் மணம் தருகிறது. ஆகவே நம் செவிலியர்களுக்கு இந்நோயைக் கற்பிக்கும்போது வெந்தய வாசனை என்று சொல்வதே பயன்படும் என்பது என் கருத்து. பிரசவத்தை ஒட்டித் தாய் வெந்தயம் உண்டால் நலமான குழந்தையிடமும் இதே மணம் வரும் என்பது மருத்துவ இதழ்களில் பதிவான செய்தி.

உண்மையான நோயில் லியூசின், ஐசோலியூசின், வாலின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் உடைபடாமல் தேங்கும். முதல் வாரத்திலேயே குழந்தை சோர்ந்து, பால் குடிப்பதை விட்டு, உடல் விறைத்து நினைவிழக்கும். மணமும் சோர்வும் சேர்ந்து வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. இம்மூன்றும் நீக்கப்பட்ட சிறப்புப் பால்மாவு, அளந்து கொடுக்கும் புரதம், சிலருக்குக் கல்லீரல் மாற்று அறுவை ஆகியவை சிகிச்சைகள். அவ்வாறு எடுத்த நோயாளியின் கல்லீரலை, கல்லீரல் கெட்டுப்போன வேறொருவருக்குப் பொருத்த முடியும் என்பது வியப்பான செய்தி. வாங்கிக்கொள்பவரின் தசைகள் முதலிய மற்ற உறுப்புகளில் அந்த நொதி நலமாக இருப்பதால் அவருக்கு நோய் வருவதில்லை.

கேள்வி: குதிகாலில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்க்கும் பரிசோதனை எப்படி வந்தது? அந்த ஒரு துளியால் மனவளர்ச்சிக் குறைபாட்டைத் தடுக்க முடியும் என்பது உண்மையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தூத்துக்குடி

பதில்: உண்மைதான், ஐயா. தொடங்கி வைத்தவர் நார்வே நாட்டுத் தாய் ஒருவர். போர்க்னி ஏகெலாண்ட் என்ற அந்தப் பெண்ணுக்கு லிவ் என்ற மகளும் டாக் என்ற மகனும் இருந்தார்கள். இருவருமே பிறந்தபோது நலமாக இருந்து, பின்னர் அறிவு வளர்ச்சி குன்றிப்போனவர்கள். அவர்களிடம் விட்டுப்போகாத ஒரு முடைநாற்றத்தை அந்தத் தாய் கவனித்தார். மருத்துவர் பலரும் கைவிரித்த பிறகும் காரணம் தேடுவதை அவர் நிறுத்தவில்லை. 1934-இல் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் பிள்ளைகளின் சிறுநீரைக் கொண்டுவரச் சொன்னார். ஃபோலிங் மருத்துவம் படிக்கும் முன் வேதியியல் படித்தவர். ஃபெரிக் குளோரைடைச் சேர்த்தபோது சிறுநீர் எதிர்பாராத பச்சை நிறமாக மாறியது. தாய் நாள்தோறும் சேர்த்துக் கொடுத்த சுமார் 22 லிட்டர் சிறுநீரிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து, அது ஃபீனைல்பைருவிக் அமிலம் என்று ஃபோலிங் நிறுவினார். பிறகு மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான காப்பகங்களில் இருந்த 430 பேரைச் சோதித்ததில் மேலும் எட்டுப் பேரிடம் அதைக் கண்டார். பைத்தியம் என்றும் தலைவிதி என்றும் எண்ணப்பட்ட ஒரு நிலைக்கு வேதியியல் காரணம் இருப்பது அப்போதுதான் வெளிப்பட்டது. இன்று அதை ஃபீனைல்கீட்டோனூரியா என்கிறோம்.

காரணம் தெரிந்தும் சிகிச்சை வர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. அதிலும் ஒரு தாயே முன்னே நிற்கிறார். இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில், 17 மாதக் குழந்தையின் தாய் ஒருவர் ஒவ்வொரு நாள் காலையிலும் ஆய்வகத்தின் முன் வந்து நின்று, என் மகளுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டிருக்கிறார். ஹார்ஸ்ட் பிக்கெலும் அவருடைய குழுவினரும் இந்நோயில் உடைபடாமல் தேங்கும் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைப் புரதத்திலிருந்து நீக்கி ஓர் உணவைத் தயாரித்தார்கள். உட்காரவும் நிற்கவும் முடியாமல் தலையை முட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்த குழந்தை, சில மாதங்களில் தவழ்ந்தது, நின்றது. நீக்கிய பொருளை மீண்டும் உணவில் சேர்த்தபோது சில நாளிலேயே பழைய நிலைக்குச் சரிந்தது. 1953-இல் வெளியான அந்தச் செய்தி, மரபு நோய் என்றால் மருந்தில்லை என்ற நம்பிக்கையை உடைத்தது. ஆனால் சேதமான மூளை முழுவதும் மீளவில்லை. உணவை முதல் வாரங்களிலேயே தொடங்கியிருக்க வேண்டும். அதற்கு நோயை அறிகுறி வரும் முன்பே அறிந்தாக வேண்டும்.

அந்த வேலையைச் செய்தவர் அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி. அவருடைய மகனுக்கு மனவளர்ச்சிக் குறைபாடு இருந்தது. உறவில் ஒரு சிறுமிக்கு ஃபீனைல்கீட்டோனூரியா காலம் கடந்து கண்டறியப்பட்டது. குதிகால் இரத்தத்தை வடிதாளில் உலர்த்தி, ஒரு சிறு வட்டம் வெட்டி, பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் கலந்த ஊடகத்தின் மேல் அவர் வைத்தார். ஃபீனைல்அலனின் மிகுந்த இரத்தமானால் அந்தத் தடையை மீறி அதைச் சுற்றி பாக்டீரியா வளரும். கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். செலவு மிகக் குறைவு. 1963-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் இதைச் சட்டமாக்கியது. 1990-களில் வந்த, மூலக்கூறுகளை எடையால் பிரித்தறியும் டேண்டம் மாஸ் நிறமாலைக் கருவி, அதே உலர்ந்த துளியில் நாற்பதுக்கு மேற்பட்ட நோய்களை ஒரே ஓட்டத்தில் தேடுகிறது.

நம் நாட்டில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இது இன்னும் வழக்கமாகவில்லை. தனியார் மருத்துவமனைகளில் கேட்டால் செய்கிறார்கள். கேட்கத் தெரியாதவர்களின் பிள்ளைகளுக்குத்தான் கிடைப்பதில்லை. தங்கள் பேரப்பிள்ளைக்குச் செய்வதானால், பிறந்து 48 மணிக்கும் 72 மணிக்கும் இடையில் செய்வது நல்லது. பால் குடித்துப் பழகுமுன் எடுத்தால் சில நோய்கள் தப்பிவிடும்.

கேள்வி: என் இரண்டாவது மகனின் சிறுநீர் சற்று நேரம் வைத்திருந்தால் கறுத்துவிடுகிறது. ஆல்காப்டோனூரியா என்று சொல்லி, இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம் என்கிறார்கள். இது சரியா?
– ஒரு தந்தை, ஈரோடு

பதில்: குழந்தைப் பருவத்தில் உயிருக்கு ஆபத்தில்லை என்பது சரி. ஆயினும் தொடர்ந்து கவனிக்க வேண்டிய நோய் இது. டைரோசின் என்ற அமினோ அமிலம் உடையும்போது உண்டாகும் ஹோமோஜென்டிசிக் அமிலம் என்ற பொருள் மேற்கொண்டு உடையாமல் தேங்கி, பல ஆண்டுகளில் குருத்தெலும்பில் படிந்து, முப்பது வயதுக்குப் பிறகு முதுகையும் மூட்டுகளையும் தேய்த்துவிடுகிறது. இதய வால்வுகளையும் பாதிக்கலாம்.

இந்த அறிவியலே உங்கள் மகனின் நோயிலிருந்துதான் தொடங்கியது. லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் காரட், இந்நோயுள்ளவர்களின் பெற்றோரில் பலர் ஒன்றுவிட்ட சகோதர உறவினராக இருப்பதைக் கவனித்து, 1902-இல் இது மரபியலின் முன்னோடியான மெண்டல் சொன்ன விதிப்படி வருவது என்று எழுதினார். பிறவி வளர்சிதை மாற்றப் பிழை என்ற கருத்தை 1908-இல் அவர் தம் சொற்பொழிவுகளில் விளக்கினார். அக்காலத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர் சிலரே.

மருந்து வேறொரு திசையிலிருந்து வந்தது. 1970-களில் கலிபோர்னியாவில், பாட்டில் பிரஷ் செடிகளின் அடியில் களை முளைக்காததை ஒருவர் கவனித்தார். செடி சுரக்கும் பொருளைப் பின்பற்றிக் களைக்கொல்லிகளை உருவாக்கியபோது, அவற்றில் ஒன்று டைரோசின் உடையும் பாதையில் ஒரு நொதியைத் தடுப்பது தெரியவந்தது. அதுவே நிட்டிசினோன். டைரோசினீமியா என்ற கொடிய கல்லீரல் நோய்க்கு 1990-களின் தொடக்கத்திலிருந்து குழந்தைகளுக்குக் கொடுத்து, உயிர்கள் காக்கப்பட்டன. அடைப்புக்கு மேலே இன்னொரு மடையை நாமே மூடி, நஞ்சு உண்டாகாமல் தடுப்பது இதன் வழி. ஆல்காப்டோனூரியா உள்ள பெரியவர்களுக்கும் 2020-இல் ஐரோப்பாவில் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. இதை உண்டால் டைரோசின் உயர்ந்து கண்ணைப் பாதிக்கலாம் என்பதால் உணவுக் கட்டுப்பாடும் கண் பரிசோதனையும் தேவை. ஆகவே இப்போது மருந்து வேண்டாம் என்று உங்கள் மருத்துவர் சொன்னதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் மகன் பதினெட்டைத் தொடும்போது இந்தப் பேச்சை மறுபடி எடுங்கள்.

கேள்வி: என் தங்கை மகளுக்கு மண்ணீரல் வீங்கிக் கோஷே நோய் என்கிறார்கள். இருவாரத்துக்கு ஒருமுறை ஊசியாம். விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறது. ஏன் இவ்வளவு விலை?
– ஒரு வாசகர், வேலூர்

பதில்: 1882-இல் ஃபிலிப் கோஷே என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த நோய் இது. ஒரு வகைக் கொழுப்பை உடைக்கும் குளுக்கோசெரிப்ரோசிடேஸ் என்ற நொதியின் குறைவுதான் காரணம் என்று 1960-களில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ராஸ்கோ பிரேடி கண்டறிந்தார். அதன்பின் அந்த நொதியையே மருந்தாகக் கொடுக்க அவர் கால் நூற்றாண்டு உழைத்தார். நொதியைச் செலுத்தினால் மட்டும் போதவில்லை. அதன் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளைச் செதுக்கி, கொழுப்பு தேங்கிய உயிரணுக்களே அதை விழுங்கும்படி செய்ய வேண்டியிருந்தது. 1991-இல் ஒப்புதல் பெற்ற முதல் மருந்து, பிரசவத்தில் விழும் நஞ்சுக்கொடிகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து வடித்தது. 1994 முதல் ஆய்வகத்தில் வளர்க்கும் உயிரணுக்களிலிருந்து எடுக்கிறார்கள்.

தயாரிப்பது கடினம் என்பது விலையின் ஒரு பகுதியை மட்டுமே விளக்குகிறது. நோயாளிகள் சிலர், விற்பவர்கள் ஓரிருவர் என்ற நிலையே மீதியை விளக்கும். 2021-இல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கையின்படி சிறப்பு மையத்தில் பதிவு செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். தங்கையை உடனே பதிவு செய்யச் சொல்லுங்கள். ஆனால் மருந்து எடைக்கேற்ப அளக்கப்படுவது. பிள்ளை வளர வளரச் செலவும் வளரும். வாழ்நாள் முழுவதும் வேண்டும். ஒருமுறை தரும் தொகை தீர்ந்த பிறகு அந்தக் குழந்தை என்ன செய்யும் என்ற கேள்விக்கு அந்தக் கொள்கை இன்னும் விடை தரவில்லை. இதை நான் வேதனையோடுதான் எழுதுகிறேன். மூளையைத் தாக்கும் வகைக்கு இந்த ஊசி மூளை வரை எட்டாது என்பதால், எந்த வகை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எல்லா நோய்க்கும் இத்தனை செலவில்லை என்பதையும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வலிப்பு, முடி உதிர்தல், தோல் தடிப்பு ஆகியவற்றோடு வரும் பயோட்டினிடேஸ் குறைபாட்டுக்கு, நாள்தோறும் சில மில்லிகிராம் பயோட்டின் என்ற வைட்டமின் போதும். ஆனால் தாமதமாகத் தொடங்கினால் போன செவித்திறன் திரும்பாது.

கேள்வி: ஒரே ஒரு குழந்தைக்காக மரபணுவைத் திருத்தும் மருந்து செய்தார்கள் என்று படித்தேன். உயிர்வேதியியல் மாணவியான எனக்கு நம்ப முடியவில்லை. நடந்தது என்ன?
– ஒரு மாணவி, திருச்சி

பதில்: நடந்தது அமெரிக்காவின் பிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில். 2024-இல் பிறந்த ஓர் ஆண் குழந்தைக்கு யூரியா சுழற்சியின் முதல் நொதியான கார்பமாயில் பாஸ்பேட் சிந்தடேஸ் இல்லை. இது முதல் கடிதத்துக்கான பதிலில் சொன்ன யூரியா சுழற்சிக் குறைபாடுகளில் ஒன்று. இவ்வளவு கடுமையாக வந்தால் பாதிக் குழந்தைகள் பிழைப்பதில்லை. மருத்துவர்கள் ரெபெக்கா ஆரன்ஸ்-நிக்லஸ், கிரண் முசுனுரு ஆகியோரின் குழு, மரபணுவில் பிழையான ஒரே எழுத்தை மாற்றும் திருத்தியை வடிவமைத்து, அதைக் கொழுப்பு நுண்துகள்களில் பொதிந்து இரத்தநாளம் வழியே செலுத்தியது. அந்தத் துகள்கள் இயல்பாகவே கல்லீரலைச் சென்றடைவதால் இந்நோய்க்கு அவை பொருந்தின. வடிவமைப்பிலிருந்து முதல் ஊசி வரை ஏறத்தாழ ஆறு மாதமே ஆயிற்று. 2025 பிப்ரவரியில் முதல் ஊசி. அடுத்த இரு மாதங்களில் இன்னும் இரண்டு. குழந்தையால் கூடுதல் புரதம் உண்ண முடிந்தது, அம்மோனியாவைக் குறைக்கும் மருந்தின் அளவையும் குறைக்க முடிந்தது. முழுக் குணம் என்று அவர்கள் சொல்லவில்லை. பல ஆண்டுகள் கவனிக்க வேண்டும் என்றே சொல்கிறார்கள்.

நீங்கள் உயிர்வேதியியல் படிப்பதால் ஒரு விவரத்தைச் சேர்க்கிறேன். அந்தக் குழந்தை பிறந்த சில நாட்களுக்குள், சோர்ந்து கிடந்தபோதே, அவன் இரத்தத்தில் அம்மோனியா அளக்கப்பட்டது. டயாலிசிஸ் உடனே தொடங்கியது. திருத்தி தயாராகும் ஆறு மாதமும் அவன் குறைந்த புரத உணவிலும் நைட்ரஜனை வெளியேற்றும் மருந்திலும் உயிரோடு இருந்தான்.